இணைப்புச்சொல்லைத் தேடாதீர்கள், வினைச்சொல்லை எண்ணுங்கள்: போர்த்துகீசிய வாக்கியத்தில் 'ஒரசாவ்' கண்டுபிடிப்பது

பிரேசிலின் தேசியப் பொதுப் பாடத்திட்டம் (2017) ஏழாம் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் ஒன்றை எதிர்பார்க்கிறது: இரண்டு 'ஒரசாவ்' சேர்ந்த வாக்கியத்தை அடையாளம் காண வேண்டும். ஒரசாவ் என்றால் ஒரு வினையைச் சுற்றி அமைந்த தொடர். பிள்ளைகளோ 'இ' (உம்), 'மஸ்' (ஆனால்) எங்கே என்று தேடப் போய்விடுவார்கள். அதைப் பிறகு பார்க்கலாம்.

படி 1: வினைச்சொற்களுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். "சிலென்சியு!" (அமைதி!) என்பதில் பொருள் உண்டு, வினை இல்லை, ஆகவே ஒரசாவ் இல்லை. "ஷெகேய் டார்ஜி" (தாமதமாக வந்தேன்) ஓர் ஒரசாவ். எழுவாய் வெளியே தெரியவில்லையே என்பார்கள். 'ஷெகேய்' என்பதன் விகுதியே 'நான்' என்று காட்டிவிடுகிறது.

படி 2: கோடுகளை எண்ணுவதற்கு முன் துணைவினையை அதன் முதன்மை வினையோடு சேர்த்து ஒன்றாக்க வேண்டும். பாதி மதிப்பெண் போவது இங்கேதான். "இஸ்தாவா ஷொவெந்து" (மழை பெய்துகொண்டிருந்தது) இரண்டு சொல், ஒரே வினை. "வோ சயிர்" (வெளியே போகப் போகிறேன்) அப்படியே. ஆனால் "கேரு சயிர்" (வெளியே போக விரும்புகிறேன்)? பார்வைக்கு ஒரே அச்சு, கணக்கு வேறு. நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது: நடுவே 'கி' (என்று) போட்டு, வேறொரு ஆளை நுழைத்துப் பாருங்கள். "கேரு கி வோசே சாயா" (நீ வெளியே போக வேண்டும் என்று விரும்புகிறேன்) சரியாக நிற்கிறது. அதனால் இரண்டு ஒரசாவ். "வோ கி வோசே சாயா" என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் ஒன்று.

படி 3: இப்போது இணைப்புச்சொற்கள். "கொம்ப்ரேய் பாவ் இ லேய்ச்சி" (ரொட்டியும் பாலும் வாங்கினேன்) என்பதில் 'இ' இரண்டு பெயர்களைத்தான் சேர்க்கிறது. வினை ஒன்று, ஒரசாவும் ஒன்று. "அனா அப்ரியு அ போர்த்தா இ உ காத்து ஃபுஜியு" (அனா கதவைத் திறந்தாள், பூனை ஓடிவிட்டது) என்பதில் இருபுறமும் வினை இருக்கிறது, இரண்டு.

படி 4: நடுவில் செருகியவை. "உ மெனினு கி மோரா அக்கி ஷெகோ" (இங்கே வசிக்கும் பையன் வந்தான்). நமக்கு 'வசிக்கும்' பெயரெச்சம், அதனால் கண்ணில் படாது. போர்த்துகீசியத்தில் 'மோரா' முழு வினைமுற்று. பிள்ளைகள் 'அக்கி'க்குப் பின் கோடு கிழித்து வாக்கியத்தைப் பிரிப்பார்கள். அது தப்பு. 'கி மோரா அக்கி'யை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லுங்கள். மிச்சம் "உ மெனினு ஷெகோ" தானாகச் சேர்ந்துவிடும்.

சரி, ஒரு பயிற்சி: "குவாந்து அ ஷூவா பரோ, உஸ் மெனினுஸ் கொமெசாரவ் அ ஜோகார் போலா" (மழை நின்றதும் பையன்கள் பந்து விளையாடத் தொடங்கினார்கள்). வினைச்சொல் மூன்று, ஒரசாவ் இரண்டு. மூன்று என்று எழுதிய பிள்ளையைப் படி 2-க்கே திருப்பி அனுப்புங்கள்.