தாலி கட்டும் நேரத்தைத் தவறவிடாமல் படம் எடுப்பது எப்படி?

முதல்முறையாகக் கல்யாண போட்டோ எடுக்கப் போகிறீர்களா? வேறு எதில் கோட்டைவிட்டாலும் ரிசப்ஷனில் நிற்கவைத்துச் சமாளித்துவிடலாம், தாலியை மட்டும் இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. அதனால் அந்த ஒரு நிமிடத்தை வைத்துத்தான் மொத்தத் திட்டத்தையும் போடவேண்டும்.

ஒரு வாரம் முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பிடித்துச் சடங்கு வரிசையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு மாறும். சில வீடுகளில் காசி யாத்திரை, ஊஞ்சல் எல்லாம் முடிந்து, பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருக்கும்போது தாலி ஏறும். சுயமரியாதைத் திருமணம் என்றால் ஐயரும் ஹோமமும் கிடையாது, எதற்காகவும் காத்திருக்க மாட்டார்கள். பத்திரிகையில் 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்று போட்டிருந்தாலும் எந்த நிமிடம் என்பது ஐயருக்குத்தான் தெரியும். "சாமி, தாலி எடுக்கும்போது ஒரு கண் காட்டுங்க" என்று காலையிலேயே சொல்லிவையுங்கள்.

அடுத்தது வெளிச்சம். முந்தைய நாள் மாலையே மேடையில் சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/500 நொடி என்று இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். லென்ஸ் திறப்பு எஃப் 4, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான கேமராவின் உணர்திறன்) 1600 முதல் 3200 வரை என்று தொடங்கி, மண்டபத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

காலையில் தாலித் தட்டு பெரியவர்கள் தொட்டுக் கும்பிடச் சபையைச் சுற்றி வரும். அது மேடைக்குத் திரும்புவதற்குள் மணமக்களுக்கு நேர் எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுங்கள், அப்புறம் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள். பெண்ணின் மாலை தாலியை மறைக்கும், அதைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கத் தோழி ஒருவரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

இப்போது முக்கியமான வேலை. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழுந்த மறுநொடி நாலாபக்கமும் அட்சதை பறக்கும், ஆட்டோஃபோகஸ் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு எதிரே பறக்கும் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததுமே பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் வைத்து, லென்ஸை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். அதன்பிறகு நீங்கள் முன்னும் பின்னும் நகரக்கூடாது. பட்டனை அழுத்திப் பிடித்தால் படபடவென்று தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் முறையில் வைத்து எடுங்கள். முதல் முடிச்சோடு நிறுத்திவிடாதீர்கள், பல வீடுகளில் மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவார், அவர் கையும் படத்தில் வரவேண்டும். அது முடிந்த கையோடு கேமராவைப் பெண்ணின் அம்மா அப்பா பக்கம் திருப்புங்கள். ஆல்பம் பார்க்கும்போது அந்த வீட்டில் எல்லோரும் நின்று பார்க்கும் படம் பெரும்பாலும் அதுதான்.

குரூப் போட்டோவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு சித்தப்பாவோ அத்தையோ போதும். வீட்டுக்குப் போனதும் படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிட்டுத் தூங்குங்கள். ஆல்பம் கைமாறும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள்.