ஜிஎஸ்டி பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதி வாங்குவது எப்படி

ஜிஎஸ்டி பாக்கி கட்டச் சொல்லி அதிகாரியின் ஆணை (டிஆர்சி-07 என்ற படிவத்தில்) வந்துவிட்டால், பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் மூன்று மாதம். அதற்குள் கட்டாவிட்டால் வசூல் நடவடிக்கை தொடங்கும். பெரும்பாலும் முதலில் கை வைப்பது கரண்ட் அக்கவுண்டில்தான். தவணை கேட்பதென்றால் இந்த மூன்று மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே கட்டத் தவறிய ஏதாவது ஒரு தொகைக்கு வசூல் நடந்துகொண்டிருந்தால், ஜிஎஸ்டி விதி 158-இன்படி தவணை தர மாட்டார்கள்.

ஆணை தபாலில் வரும் என்று காத்திருக்காதீர்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்' என்ற தனிப் பக்கம் இருக்கிறது. பலருக்கு ஆணை அங்கேதான் கிடக்கிறது. வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

எல்லாப் பாக்கிக்கும் தவணை உண்டா என்றால், இல்லை. நீங்களே 3பி ரிட்டனில் (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டி ரிட்டன்) காட்டிய வரிக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 80-ஆவது பிரிவு தவணை தராது. அதிகாரி ஆணை போட்டுக் கேட்கும் தொகைக்குத்தான் தரும். அதுவும் 25,000 ரூபாய்க்குக் குறைந்தால் கிடையாது. கையில் காசு குறைவென்றால் முதலில் 3பி வரியை முடியுங்கள். இரண்டு மாத ரிட்டன் நின்றாலே இ-வே பில் (சரக்கு அனுப்பத் தேவையான மின்னணுச் சீட்டு) போட முடியாமல் சரக்கு நகராது. சரக்கு நகராமல் தவணை கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

கட்டப்போகிறீர்களா, அப்பீல் போகிறீர்களா என்பதை விண்ணப்பிப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அப்பீலுக்கும் கெடு மூன்று மாதம்தான். தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டினால் மீதிக்கு வசூல் நிற்கும். கணக்கே தப்பு என்று ஆடிட்டர் உறுதியாகச் சொன்னால் அந்த வழியே நல்லது.

தவணைதான் என்றால் படிவம் டிஆர்சி-20. போர்ட்டலில் 'சர்வீசஸ்', 'யூசர் சர்வீசஸ்', 'மை அப்ளிகேஷன்ஸ்' வழியாகப் போய், தவணைக்கான விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுத்து, ஆணையின் டிமாண்ட் எண் (கட்டச் சொன்ன பாக்கிக்கான எண்), தொகை, எத்தனை தவணை, என்ன காரணம் என்று நிரப்புங்கள். காரணத்தில் 'வியாபாரம் மந்தம்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. உங்கள் நிதி நிலைமை பற்றி வட்டார அதிகாரியிடம் கமிஷனர் அறிக்கை கேட்பார். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வர வேண்டிய பாக்கிப் பட்டியல், கடன் தவணை விவரம் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் அந்த அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வர வாய்ப்பு அதிகம். முடிவு டிஆர்சி-21-இல் வரும்.

அதிகபட்சம் 24 மாதத் தவணை. கிடைக்கிறதே என்று முழுவதையும் கேட்காதீர்கள். வட்டி நிற்பதில்லை, ஆண்டுக்கு 18 சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும். வரி 3,60,000 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 15,000 வீதம் 24 மாதம் கட்டினால் தவணைக் காலத்து வட்டி மட்டும் சுமார் 67,500. மாதம் 30,000 வீதம் 12 மாதத்தில் முடித்தால் சுமார் 35,100. அதே சமயம், தாங்க முடியாத தவணையை ஏற்பது இதைவிட ஆபத்து. ஒரே ஒரு தவணை தவறினாலும், மீதி மொத்தமும் மறு நோட்டீஸ் இல்லாமல் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். வியாபாரம் படுக்கும் மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் உங்கள் தவணைத் தொகை.

பணம் கட்டும்போது நடக்கும் தவறு ஒன்று: தாமாக முன்வந்து வரி கட்டுவதற்கான டிஆர்சி-03 படிவத்தில் கட்டிவிடுவது. பணம் போய்விடும், ஆனால் டிமாண்ட் அப்படியே நிற்கும். 'லெட்ஜர்ஸ்' பகுதியில் உள்ள 'பேமென்ட் டுவர்ட்ஸ் டிமாண்ட்' வழியாக அந்த எண்ணுக்கே கட்டுங்கள். ஏற்கெனவே டிஆர்சி-03-இல் கட்டியிருந்தால், 2024-இல் வந்த டிஆர்சி-03ஏ படிவத்தால் அதை டிமாண்டோடு இணைக்கலாம். வட்டியையும் அபராதத்தையும் உள்ளீட்டு வரி வரவிலிருந்து (கொள்முதலில் கட்டிய வரிக்குக் கிடைக்கும் வரவு) கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும்.

கெடு நாளன்று நெஃப்ட்டில் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். மூன்று நாள் முன்பே போர்ட்டலில் உள்ள உங்கள் ரொக்க லெட்ஜரில் (ரொக்கக் கணக்கில்) பணம் ஏறியிருக்கட்டும். அங்கிருந்து டிமாண்டுக்குக் கழித்த பிறகுதான் தவணை கட்டியதாகக் கணக்கு.