சிறிய லேத்தில் டேப்பர், சாட்டர், பார்ட்டிங்: எது அசைகிறது என்று முதலில் பாருங்கள்

வீட்டுப் பட்டறையில் மேசை மேல் நிற்கும் 180 மி.மீ. சுவிங் (சுழற்றக்கூடிய பொருளின் அதிகபட்ச விட்டம்) லேத் ஏறக்குறைய 40 கிலோதான் இருக்கும். கடைசல் பட்டறையில் தரையில் நிற்கும் லேத் அதைவிடப் பல மடங்கு கனம். டூல் சரியாக இல்லாவிட்டாலும் அந்தக் கனமே பாதியைத் தாங்கிக்கொள்ளும். சிறிய லேத்துக்கு அந்த வசதி கிடையாது. ஜாப் (கடையும் பொருள்) டேப்பராக, அதாவது ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்து வருகிறது, மேற்பரப்பில் வரிவரியாகச் சாட்டர் (அதிர்வுத் தடம்) விழுகிறது, ஜாபை அறுத்துத் துண்டாக்கும் பார்ட்டிங் டூல் உள்ளே பாய்ந்து ஒடிகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ ஓர் இடம் அசைகிறது என்று பொருள். புது இன்செர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனை) வாங்கும் முன் அந்த இடத்தைத் தேடுவதே செலவு குறைந்த வழி.

தேட ஒரு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் போதும். 25 அல்லது 30 மி.மீ. ராடு ஒன்றைச் சக்கில் (ஜாபைப் பிடித்துச் சுழற்றும் தாடை அமைப்பு) குட்டையாகப் பிடித்து, ஸ்டாண்டைப் பெட்டின் (லேத்தின் நீண்ட அடித்தளம்) மேல் வைத்து, சக்கை ஒட்டிய இடத்தில் ராடின் மேல் கேஜ் முனையைத் தொட வையுங்கள். ராடைக் கையால் மேலே தூக்கி, கீழே அழுத்துங்கள். முள் 0.01 மி.மீ. அளவில் நகர்ந்தால் சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் நன்றாக இருக்கிறது. 0.03 தாண்டினால் பேரிங்கில் ஆட்டம் உண்டு. டேப்பர் ரோலர் பேரிங் உள்ள லேத்தானால் பின்பக்க நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, நடுத்தர வேகத்தில் 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம். சாதாரண பால் பேரிங் போட்டு வரும் மலிவான லேத்தில் நட்டை இறுக்கிப் பெரிதாக ஒன்றும் ஆகாது, பேரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து கேஜை டூலைப் பிடித்திருக்கும் டூல் போஸ்டுக்கு மாற்றுங்கள். டூல் போஸ்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள், பிறகு மேலிருந்து அழுத்துங்கள். இங்கே 0.05 மி.மீ. வரை ஆடும் லேத்துகள் ஏராளம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். டூலை ஜாபை நோக்கிக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் பக்கவாட்டில் மூன்று நான்கு கிப் (ஸ்லைடின் ஆட்டத்தை நீக்கும் மெல்லிய பட்டை) ஸ்குரூக்கள் லாக் நட்டோடு இருக்கும். நட்டுகளைத் தளர்த்தி, ஸ்லைடை வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்குரூவையும் கிப்பைத் தொடும்வரை திருகுங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான மெல்லிய இழுவை தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஆலன் கீயால் ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நட்டோடு ஸ்குரூவும் சுழன்று செய்த வேலை வீணாகும். கிராஸ் ஸ்லைடைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சேடிலுக்கு அடியில் பெட்டைப் பற்றியிருக்கும் தட்டுகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவை லூசாக இருந்தால் கட் விழும்போது சேடிலே தூக்கிக்கொள்ளும்.

டூல் போஸ்டுக்கு அடியில், கோணத்தில் கடைய உதவும் காம்பவுண்ட் ஸ்லைடு தனிக் கதை. சிறிய லேத்தில் அதுதான் எல்லாவற்றிலும் பலவீனமான துண்டு. கோணத்தில் கடையாத நாட்களில் அதன் கிப்பை நன்றாக இறுக்கி அசையாமல் வையுங்கள். அடிக்கடி தேவைப்படாது என்றால் காம்பவுண்டைக் கழற்றிவிட்டு, அதே உயரத்துக்கு இரும்புக் கட்டை ஒன்றைக் கடைந்து அதன்மேல் டூல் போஸ்டை மாட்டுங்கள். இப்படிப்பட்ட லேத்துக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

டேப்பர்: ராடு வளைகிறதா, லேத் கோணலா?

சக் பக்கம் 20.00, வெளிமுனையில் 20.08 என்று வந்ததும் ஹெட்ஸ்டாக் போல்ட்டில் கை வைக்காதீர்கள். முதல் சந்தேகம் ராடின் மேல் விழ வேண்டும். டெயில்ஸ்டாக் (பெட்டின் மறுமுனையில் ராடைத் தாங்கும் பகுதி) தாங்காத ராடு டூலின் தள்ளலுக்கு வளைந்து விலகும், அதனால் வெளிமுனை பெரிதாக வரும். நீளம் இரட்டித்தால் வளைவு 8 மடங்கு, விட்டம் பாதியானால் 16 மடங்கு. கணக்குப் போட்டே பார்க்கலாம்: 120 மி.மீ. வெளியே நீட்டிய 25 மி.மீ. எஃகு ராடின் முனையை 5 கிலோ விசையில் தள்ளினால் அது 0.01 மி.மீ.கூட வளையாது. அதே நீளத்தில் 12 மி.மீ. ராடு 0.14 மி.மீ. வளையும், விட்டத்தில் அது 0.28 மி.மீ. வித்தியாசம். ஆகவே விட்டத்தைப்போல் மூன்று நான்கு மடங்குக்கு மேல் நீட்டினால் டெயில்ஸ்டாக்கில் லைவ் சென்டர் (ஜாபோடு சேர்ந்து சுழலும் கூர்முனை) வைத்தே ஆக வேண்டும்.

லேத்தையே சோதிக்க, வளையாத தடித்த ராடு தேவை. இ.என்.1ஏ எனப்படும் எளிதில் வெட்டும் எஃகில் 30 மி.மீ. ராடு 150 மி.மீ. நீளம் எடுங்கள். கட்டடத்துக்குப் போடும் டி.எம்.டி. கம்பி இதற்கு உதவாது, அதன் மேல்தோல் கடினமானது, உருண்டையும் கிடையாது. 40 மி.மீ. சக்குக்குள் போக, 110 வெளியே நிற்கட்டும். டெயில்ஸ்டாக் தொடக் கூடாது. நடுப்பகுதியை 1 மி.மீ. குறைத்துக் கடைந்து, இரண்டு பக்கமும் 12 மி.மீ. அகலத்தில் இரண்டு மேட்டு வளையங்களை விடுங்கள். கூராகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் 0.1 மி.மீ. கட், மிகக் குறைந்த ஆட்டோ ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் தானாக நகரும் தூரம்). இரண்டு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள், நடுவில் கிராஸ் ஸ்லைடைத் தொடவே கூடாது. கட் கூட்டாமல் இன்னொரு முறை ஓட்டி மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். வெர்னியரை இந்த அளவுக்கு நம்ப முடியாது.

வித்தியாசம் 0.01 மி.மீ. என்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் இருந்தால் பெட் முறுக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். லேத்தின் கால் போல்ட்டுகளைச் சமமில்லாத மேசையில் இறுக்கினால், அத்தனை இரும்பும் கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கிக்கொள்ளும். வெளி வளையம் பெரிதாக வந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்தில், உங்கள் முன்னால் உள்ள காலுக்கு அடியில் 0.1 மி.மீ. தகடு ஒன்றைச் செருகி இறுக்குங்கள். அந்த முனையில் பெட் பின்னோக்கிச் சாயும், டூல் முனை ஜாபை நெருங்கும், வெளி வளையம் குறையும். வெளி வளையம் சிறிதாக வந்தால் பின்பக்கக் காலுக்கு அடியில் செருக வேண்டும். குளிர்பான டின்னை வெட்டினால் 0.1 மி.மீ. அளவில் நல்ல தகடு கிடைக்கும். ஒரு தகடு, ஒரு சோதனை என்று போங்கள், நாலைந்து சுற்றில் முடிந்துவிடும். மரமேசையானால் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி மறுபடி கோணும். லேத்துக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு போடுவது அதற்கு மாற்று.

இது முடிந்த பிறகுதான் டெயில்ஸ்டாக். அதே ராடை லைவ் சென்டரில் தாங்கி இன்னொரு மெல்லிய கட் ஓட்டுங்கள். இப்போது டெயில்ஸ்டாக் பக்கம் பெரிதாக வந்தால் டெயில்ஸ்டாக் உங்களைவிட்டு விலகிப் பின்னால் போயிருக்கிறது. விட்ட வித்தியாசத்தில் பாதி அளவு அதை முன்னால் கொண்டுவர வேண்டும். அடிப்பகுதியில் உள்ள ஸ்குரூவைத் தளர்த்தி நகர்த்தும்போது டயல் கேஜை டெயில்ஸ்டாக்கில் வைத்துக்கொண்டே நகர்த்துங்கள். கண்ணால் மதிப்பிட்டு 0.03 மி.மீ. நகர்த்த யாராலும் முடியாது.

சாட்டர்

ஒரு சுற்றில் டூல் விட்டுப்போன அலை, அடுத்த சுற்றில் டூலைத் தள்ளுகிறது. அது இன்னும் பெரிய அலையை விடுகிறது. சாட்டர் இப்படித்தான் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. ஆகவே முதல் மருந்து வேகத்தைக் குறைப்பது, இரண்டாவது ஃபீடைக் கூட்டுவது. பயந்து ஃபீடைக் குறைத்தால் டூல் வெட்டாமல் உரசத் தொடங்கி நிலைமை மோசமாகும்.

டூலின் மூக்கு ஆரம் பெரிதானால் தள்ளலும் பெரிது. சிறிய லேத்துக்கு 0.2 அல்லது 0.4 மி.மீ. போதும், 0.8 வேண்டாம். கார்பைடில் சி.சி.எம்.டி. வகை இன்செர்ட்டின் விளிம்பு சற்று மழுங்கியே வரும், அதற்கு விசை அதிகம் தேவை. அலுமினியத்துக்கென்று தீட்டி விற்கும் சி.சி.ஜி.டி. இன்செர்ட் எம்.எஸ்.ஸிலும் (மைல்ட் ஸ்டீல்) அழகாக வெட்டும். தேய்மானம் சீக்கிரம் வரும், ஆனால் வீட்டு வேலைக்கு அது பொருட்டில்லை.

சென்டர் உயரம், அதாவது டூல் முனை ஸ்பிண்டில் அச்சின் உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். உருண்டை ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்தி, கிராஸ் ஸ்லைடை மெல்ல நகர்த்திப் பிடியுங்கள். நேராக நின்றால் உயரம் சரி. ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அப்பால் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. கார்பைடு முனையானால் அழுத்தாதீர்கள், சில்லு பெயரும். கடைசியில் ஒருமுறை ஃபேசிங் (ராடின் முகப்பைத் தட்டையாகக் கடைவது) செய்து நடுவில் குமிழ் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதன் விட்டத்தில் பாதிதான் உயரத்தில் உள்ள பிழை.

பார்ட்டிங்

இங்கேதான் சிறிய லேத் மிகவும் திணறும். அகலமான முனை, நீட்டிய மெல்லிய பிளேடு, வெளியேற வழியில்லாத சிப் (வெட்டிய சீவல்), மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. கட்டின் பளுவில் டூல் கீழே சாயும்போது அதன் முனை ஜாபுக்குள் பாய்கிறது. கிராஸ் ஸ்லைடு ஸ்குரூவில் பேக்லாஷ் (மரையில் உள்ள தளர்வு) இருந்தால் ஜாபே டூலை இழுத்துக்கொள்ளும். பிளேடு ஒடிவது அப்போதுதான்.

20 மி.மீ. இ.என்.1ஏ ராடை 2 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிளேடில் அறுப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டும் இடம் சக் தாடைக்கு மிக அருகில், 5 முதல் 8 மி.மீ.க்குள் இருக்கட்டும். பிளேடு 13 மி.மீ. மட்டும் நீட்டட்டும்: ஆரம் 10, கூடுதலாக 3. சக் முகத்தில் தட்டையான தகடு ஒன்றை வைத்து, பிளேடின் பக்கம் அதற்கு இணையாக நிற்கிறதா பாருங்கள். கொஞ்சம் கோணினாலும் பக்கவாட்டில் உரசி நெருக்கும். உயரம் சரியாகச் சென்டரில். முன்முனையை நேராகவே தீட்டுங்கள். துண்டில் குமிழ் நிற்காமலிருக்க முனையைச் சரிவாகத் தீட்டச் சொல்வார்கள், மெல்லிய பிளேடில் அந்தச் சரிவு பிளேடை ஒரு பக்கம் தள்ளி, வெட்டு முகத்தைக் குழிவாக்கிவிடும். குமிழைப் பிறகு ஃபேசிங்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சேடிலை லாக் செய்யுங்கள். வேகக் கணக்கு எளிது: 318ஐ வெட்டு வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். எம்.எஸ்.ஸில் எச்.எஸ்.எஸ். டூலுக்குச் சாதாரணக் கடைசலில் நிமிடத்துக்கு 25 மீட்டர், பார்ட்டிங்கில் அதில் பாதி, 12 மீட்டர். 318 × 12 ÷ 20 என்றால் சுமார் 190 ஆர்.பி.எம். டி.சி. மோட்டார் லேத்தில் இந்த வேகத்துக்கு வேகக் கட்டுப்பாட்டுக் குமிழை மட்டும் திருகினால் மோட்டார் பலமிழக்கும், கியரை லோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃபீட் சுற்றுக்கு 0.04 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 7.6 மி.மீ. கிராஸ் ஸ்லைடு ஸ்குரூ 1 மி.மீ. பிட்ச் உள்ளதானால் கைப்பிடியை ஒரு சுற்றுக்கு 8 நொடி என்ற நிதானத்தில் நிறுத்தாமல் சுற்ற வேண்டும். சிப் கடிகாரச் சுருள்போல் இறுகச் சுருண்டு வந்தால் சரியாக வெட்டுகிறது. பொடியாக உதிர்ந்தால் உரசுகிறது, இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். எம்.எஸ்.ஸுக்குக் கட்டிங் ஆயிலைத் தூரிகையால் விடாமல் தடவுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், பித்தளைக்கு ஒன்றும் வேண்டாம். 4 மி.மீ. ஆழம் போனதும் பிளேடை வெளியே எடுத்து, சேடில் லாக்கைத் தளர்த்தி அரை மி.மீ. பக்கத்தில் நகர்த்தி, மறுபடி லாக் செய்து அதே ஆழத்துக்கு வெட்டுங்கள். பள்ளம் அகலமானால் சிப் நெருக்காது.

பார்ட்டிங்கின்போது மறுமுனையை டெயில்ஸ்டாக் சென்டரில் தாங்கி முழுவதும் அறுக்கக் கூடாது. நடுவில் மெலிந்ததும் ஜாப் மடங்கி டூல் மேல் ஏறிவிடும். நீண்ட ராடானால் 5 மி.மீ. மீதம் இருக்கும்போது லேத்தை நிறுத்தி, ஹாக்ஸா பிளேடால் கையால் அறுங்கள். விழும் துண்டைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள், கையுறையும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் சாட்டர் நிற்கவில்லை என்றால், பிரிட்டனின் மாடல் எஞ்சினியர்கள் (பொழுதுபோக்காகச் சிறு எஞ்சின் மாதிரிகள் செய்பவர்கள்) நெடுங்காலமாகச் செய்துவரும் ஒரு வழி உண்டு: கிராஸ் ஸ்லைடின் பின்பக்கம் ஒரு கனமான டூல் போஸ்ட் மாட்டி, பிளேடைத் தலைகீழாகப் பிடிப்பது. ஸ்பிண்டில் வழக்கமான திசையிலேயே சுழலும். கட்டின் விசை இப்போது டூலை மேல்நோக்கித் தள்ளும், வளைந்தால் முனை ஜாபைவிட்டு விலகும், உள்ளே பாயாது. சிப்பும் தானாகக் கீழே விழும். கிராஸ் ஸ்லைடில் டீ ஸ்லாட் (போல்ட் மாட்டும் T வடிவப் பள்ளம்) இல்லாத லேத்தில் இரண்டு துளை போட்டு 8 மி.மீ. மரை வெட்டிக்கொள்ளலாம், துளை போடும் முன் அடியில் செல்லும் ஸ்குரூவுக்கும் அதன் நட்டுக்கும் இடம் விட்டிருக்கிறதா என்று ஸ்லைடைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.