பிரபுப் பட்டம் யாருக்குச் சேரும்? லாலி ரோட்டிலிருந்து ஒரு வாரிசுக் கணக்கு

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய லாலி ரோடு, 1906 முதல் 1911 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய அண்ணன் பீல்பி லாலியும் 1891 முதல் 1896 வரை அதே பதவியை வகித்தார். நீலகிரியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி அவருடைய பட்டத்தால் பெயர் பெற்றது. அண்ணன் ‘வென்லாக் பிரபு’வாக இருக்க, தம்பி இங்கே ஆண்ட காலம் முழுவதும் ‘சர்’ என்றே அழைக்கப்பட்டார். பிரிட்டிஷ் பட்டம் ஒன்று எவரிடம் இறங்கும் என்று கணக்கிட விரும்புபவருக்கு இந்தக் குடும்பத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் தேட வேண்டியது வம்சாவளி அன்று, பட்டயம். நம் ஊர்க் காணிப் பட்டயங்களைப் போலவே, பட்டத்தை உண்டாக்கிய அரசப் பட்டயத்தின் வாசகமே அது இறங்கும் வழியையும் கட்டிவிடுகிறது. பெரும்பாலானவற்றில் முதல் பிரபுவின் சட்டப்படியான ஆண்வழி ஆண் வாரிசுகளுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். சிலவற்றில் தனி விலக்கு இருக்கும்: மகன் இல்லாத மவுண்ட்பேட்டனின் பட்டயம் மகள்களுக்கும் இடம் தந்ததால்தான் 1979-ல் அவருடைய மூத்த மகள் பட்டத்துக்கு வந்தார். பட்டயம் இன்றி, பாராளுமன்றத்துக்கு வரச் சொன்ன அரச அழைப்பாணையால் உண்டான பழைய இங்கிலாந்து பாரன் (பிரபுப் பட்டங்களில் கடைசி நிலை) பட்டங்களில், மகன் இல்லாவிட்டால் மகள்கள் அனைவருக்கும் சம உரிமை உண்டு. ஒருவருக்கு மேல் இருந்தால் பட்டம் நிறுத்தி வைக்கப்படும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தரப்படும் ஆயுட்காலப் பட்டமாக இருந்தால் கணக்கே தேவையில்லை, அது பெற்றவரோடு முடிந்துவிடும்.

பட்டயம் ஆண்வழி என்று சொன்னால், நமக்கு வேலை எளிது. கொங்கில் பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று பிரிக்கத் தெரிந்தவர் பாதிக் கணக்கை முடித்தவராவார். பங்காளிகளை வைத்துக்கொண்டு, மகள் வயிற்றுப் பிள்ளைகளை நீக்கிவிட வேண்டும். ஆனால் நம் வழக்கம் உதவாத இடமும் உண்டு. சுவீகாரம் போன மகன் இங்கே சொத்துக்கு வாரிசாவான். அங்கே தத்துப்பிள்ளைக்குப் பட்டம் இறங்காது. திருமணத்துக்கு வெளியே பிறந்தவரும், இங்கிலாந்துப் பட்டங்களைப் பொறுத்தவரை, பெற்றோர் பின்னர் மணந்துகொண்டாலும் வாரிசாக மாட்டார்.

அடுத்து, கடைசியாகப் பட்டம் வகித்தவரிடம் தொடங்கி, மூத்த மகனின் கிளையை அடிவரை இறங்கிப் பார்த்த பிறகே இரண்டாம் மகனிடம் வர வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். மூத்த மகன் தந்தைக்கு முன்பே இறந்து, அவருக்கு ஒரு மகன் இருந்தால், அந்தப் பேரன் கைக்குழந்தையானாலும் ஐம்பது வயதுச் சித்தப்பாவை முந்துகிறான். வயதும் நெருக்கமும் இங்கே செல்லாது, கிளையின் மூப்பே செல்லும். கீழே ஆண் எவரும் இல்லையென்றால் மட்டும் ஒரு படி மேலே ஏறி, வகித்தவருடைய தம்பியரையும் அவர்களுடைய கிளைகளையும் இதே ஒழுங்கில் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் இன்னொரு படி. முதல் பிரபுவுக்கு மேலே மட்டும் ஏறக் கூடாது.

இதை வென்லாக் பட்டத்தில் போட்டுப் பாருங்கள். 1839-ல் உண்டான அந்தப் பட்டத்தின் மூன்றாம் பிரபுவான பீல்பி 1912-ல் இறந்தபோது அவருக்கு ஐரீன் என்ற ஒரே மகள் இருந்தார். யார்க்‌ஷயரில் இருந்த எஸ்கிரிக் நிலபுலம் அவருக்குச் சேர்ந்தது, பட்டம் சேரவில்லை. சொத்தும் பட்டமும் தனித்தனி வழியில் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பட்டம் தம்பி ரிச்சர்டுக்கும், 1918-ல் அடுத்த தம்பி ஆல்ஜெர்னனுக்கும், 1931-ல் நம் லாலி ரோட்டு ஆர்தருக்கும் வந்தது. ஆர்தரின் ஒரே மகன் 1909-லேயே இறந்திருந்தார், எஞ்சியவர்கள் மகள்கள். 1932-ல் ஆர்தர் மறைந்தபோது முதல் பிரபுவின் ஆண்வழியில் எவரும் மிஞ்சாததால், பட்டம் அழிந்தது. ஆளுநராக இருவரை நமக்கு அனுப்பிய குடும்பத்தின் பெயர் அங்கே பட்டியலிலிருந்து போய், இங்கே சாலையிலும் புல்வெளியிலும் நிலைத்திருப்பது என் மனத்தைத் தொடுகிறது.

வாரிசு என்று ஒருவரைக் குறிக்கும்போது, உறுதி வாரிசா, இப்போதைக்கான வாரிசா என்றும் எழுதுங்கள். தலைமகனை எந்தப் பிறப்பும் விலக்காது. தம்பியையோ, அண்ணனுக்கு நாளை பிறக்கும் மகன் விலக்கிவிடுவான். பாரமகாலில் பணியாற்றி, சேலம் பகுதியில் இன்றும் நினைக்கப்படும் தாமஸ் மன்றோ 1825-ல் பெற்ற பேரனெட் என்னும் பரம்பரைச் ‘சர்’ பட்டமும் இப்படியே இறங்குவது, ஆனால் அது பிரபுப் பட்டம் ஆகாது.

1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் தமக்கு வந்த பட்டத்தைத் துறந்திருந்தால், அவரைக் கணக்கிலிருந்து அடிக்க வேண்டாம். துறவு அவர் ஆயுளுக்கு மட்டுமே, அவருக்குப் பின் பட்டம் வழக்கமான வாரிசிடமே போகும். இறுதியாக, 2004-ல் தொடங்கிய பிரபுக்கள் பதிவேட்டில், நீங்கள் கணக்கிட்டுக் கண்ட வாரிசின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உரிமையை ஆவணங்களால் நிறுவிப் பெயரைப் பதியாதவரை, அரசு ஆவணங்கள் அவரைப் பட்டத்தால் அழைப்பதில்லை.