மீட்ட மெத்தனாலில் தண்ணீர் இருக்கிறதா?

பழைய சமையல் எண்ணெயோடு மெத்தனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்து பயோடீசல் செய்யும்போது, இரண்டிலும் தண்ணீர் இருக்கக் கூடாது. கடலூர் முதுநகர் பக்கம் கடற்காற்றே ஈரம்தான். மெத்தனால் கேனைத் திறந்து வைத்தால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பஜ்ஜிக் கடையில் வாங்கிய பழைய எண்ணெயிலும் தண்ணீர் இருக்கும். சூடான வாணலியில் அரைக் கரண்டி விட்டுப் பாருங்கள். படபடவென்று பொரிந்தால் 110 டிகிரி வரை காய்ச்சி வற்றவிட வேண்டும். இல்லையென்றால் பயோடீசலுக்குப் பதில் சோப்புதான் கிடைக்கும்.

பயோடீசல் ஆனபின் மிஞ்சிய மெத்தனாலில் பெரும்பகுதி அடியில் தங்கும் கிளிசரினில்தான் இருக்கும். அதைப் பிரித்து, மூடிய பாத்திரத்தில் சூடாக்கி, ஆவியைக் குளிர்குழாய் வழியே பிடிக்கலாம். மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில். அடுப்புத் தீ கூடவே கூடாது. மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது, ஆவியோ விஷம். காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி வராத ஹீட்டரில் மட்டுமே.

அப்புறம், மீட்டதை அப்படியே அடுத்த முறைக்கு ஊற்றிவிடாதீர்கள். ஐஸ் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி அளக்கும் மிதவை) விடுங்கள். சுத்தமான மெத்தனால் 0.792 காட்டும்; கூடினால் தண்ணீர் கலந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் அப்படியே அளந்தால் அளவு குறைத்துக் காட்டி ஏமாற்றும். தண்ணீர் இருந்தால், 3ஏ மாலிகுலர் சீவ் என்ற நுண்துளை மணிகளை ஓரிரவு போட்டு வைத்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்தத் துளைக்குள் தண்ணீர் நுழையும், மெத்தனால் நுழையாது.