எதீனில் மிஞ்சும் இரண்டு இலத்திரன்கள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் கற்பிக்கிறேன். எதீனின் (C₂H₄) லூயிஸ் கட்டமைப்பு, அதாவது அணுக்களின் வெளியோட்டு இலத்திரன்களைப் புள்ளிகளாலும் பிணைப்புகளைக் கோடுகளாலும் காட்டும் படம், பல நாட்களைத் தின்றது. காபன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பை வரைந்து, ஒவ்வொரு காபனிலும் ஒரு தனிச்சோடியை (பிணைப்பில் சேராத இரண்டு இலத்திரன்களை) வைத்துவிடுவார்கள். வேப்பங்கொட்டையிலும் ஈர்க்கிலும் மாதிரி செய்தோம். அதில் இலத்திரன் கணக்குத் தெரியவில்லை. படத்தை மனப்பாடம் செய்தும் பார்த்தோம், அது எதைனில் (C₂H₂) கைவிட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பிழையான படத்திலும் ஒவ்வொரு காபனைச் சுற்றியும் எட்டு இலத்திரன்கள் சரியாகவே இருக்கும்! மொத்தத்தைக் கூட்டினால்தான் 14 வரும், இருப்பதோ 12 (காபனுக்கு நான்கு வீதம் எட்டு, ஐதரசனுக்கு ஒன்று வீதம் நான்கு).

ஆகவே வரையுமுன் 12 புள்ளிகளை ஓரத்தில் இட்டு, ஒரு பிணைப்புக்கு இரண்டு புள்ளிகள் வீதம் வெட்டிவிடச் சொன்னேன். ஐந்து பிணைப்புகளுக்குப் பின் இரண்டே மிஞ்சும். அவை காபன்களுக்கு நடுவே போனால் இரட்டைப் பிணைப்பு. அப்பாடா என்றிருந்தது. எதைனில் மொத்தம் 10. மூன்று பிணைப்புகள் போக மிஞ்சும் நான்கும் நடுவேதான், மும்மைப் பிணைப்பாக.