வீட்டுக்கு வேறு சொல் தேடும்போது நடக்கும் தவறுகள்

மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தக் கற்றுக்கொள்ள என்னிடம் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்கள் கொடுத்த தாளில், ஒரே பக்கத்தில் 'வீடு' எட்டு முறை வந்துவிட்டதே என்று கவலைப்பட்டு நாலு இடத்தில் இல்லம், இரண்டு இடத்தில் மனை, ஓரிடத்தில் அகம் என்று மாற்றியிருந்தார்கள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன், அதற்குக் கைக்காசும் போனது.

'வீடுக்கு', 'வீடில்' மாதிரியான பிழைகளை நான் எடுக்கப்போவதில்லை. ஒரு தடவை சொன்னால் யாரும் அதைத் திரும்பச் செய்வதில்லை.

மனை இப்போது வீடு இல்லை

பழந்தமிழில் மனை வீடுதான், சந்தேகமே இல்லை. மனைவி என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். 'மங்கலம் என்ப மனைமாட்சி' என்று குறள் சொல்வதும் ஆள் புழங்கி வாழும் வீட்டைத்தான். புதுமனை புகுவிழா என்று இன்றைக்கும் பத்திரிகை அடிக்கிறோமே, அதில் அந்தப் பழைய பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தனியே நிற்கும்போது அந்தச் சொல்லுக்கு இன்று வேறு பொருள். வீட்டுமனை, காலிமனை, மனைப்பட்டா என்று எதை எடுத்தாலும் அது நிலம், சுவர் கிடையாது. சென்னைப் பக்கம் 'ஒரு மனை' என்றால் ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி என்று அதை அளவாகவே சொல்கிறவர்களும் உண்டு.

எனக்கு நடந்தது இதுதான். வீடு கட்டி விற்கும் ஒருவருக்குத் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். எங்கே பார்த்தாலும் வீடு வீடு என்று வருகிறதே, படிக்கிறவருக்கு அலுக்குமே என்று நானாக நினைத்து, தலைப்பில் மட்டும் வீடு என்றே வைத்துக்கொண்டு விலைப்பட்டியலில் எல்லாம் மனை என்று போட்டேன். 3000 பிரதி அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாளிலிருந்து போன் செய்தவர்களில் பாதிப் பேர் 'காலிமனை இருக்கிறதாமே, சென்ட் என்ன விலை' என்று கேட்டார்கள். நேரில் வந்து, கட்டி முடித்த வீடுகளைப் பார்த்துவிட்டு, ஏமாற்றுகிறீர்களா என்று சண்டை போட்டுப் போனவர்களும் உண்டு. என் கூலி வரவில்லை, மறுபடி அச்சடித்த செலவில் பாதியும் என் தலையில் விழுந்தது. அது நியாயம்தான்.

இன்னும் எரிச்சல் தருவது பணம் போனது இல்லை. அன்றைக்கு நான் அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன், அதில் மனை என்றால் வீடு என்றுதான் இருந்தது. நிகண்டுகள் என்கிற பழைய செய்யுள் அகராதிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய அகராதியும் ஒரு சொல்லுக்கு எந்தக் காலத்திலாவது இருந்த பொருள்களையெல்லாம் அடுக்கிவைக்கும், அதுதான் அவற்றின் வேலை. இன்றைக்கு அந்தச் சொல் எங்கே நிற்கிறது என்று தெரிய, 1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் புரட்டவேண்டும். அப்புறம், ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வாருங்கள். விலையும் முகவரியும் வருகிற இடத்தில் வீடு என்று இருபது முறை வந்தாலும் ஒரு வாசகரும் அலுத்துக்கொள்ளமாட்டார்.

அம்மாவை 'இல்லத்தில்' விடாதீர்கள்

'அம்மாவை இல்லத்தில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.' புதியவர் ஒருவர் திருத்திக் கொடுத்த வரி இது. மூலத்தில் 'வீட்டில்' என்றுதான் இருந்தது. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இந்த வரி என்ன சொல்லும்? எழுதியவர் தன் தாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மகள். இந்த வரி அப்படியே அச்சாகியிருந்தால் நான் அவர் முகத்தில் விழித்திருக்க முடியாது. இல்லத்தரசி, இல்லத் திருமண விழா என்று ஏற்கெனவே நிலைத்த தொடர்களில் இல்லம் அழகாக இருக்கிறது, அதோடு விட்டுவிடுங்கள்.

இல்லாளுக்கு ஆண்பால் 'இல்லான்' இல்லை

திருமண வாழ்த்து மடல் ஒன்றில் 'இல்லானும் இல்லாளும் இணைந்து வாழ்க' என்று இருந்தது. இல் என்பதற்கு வீடு என்றும் பொருள், இல்லாமை என்றும் பொருள். இல்லாள் வீட்டுக்கு உரியவள், இல்லான் எதுவும் இல்லாதவன். நல்வழியில் 'இல்லானை இல்லாளும் வேண்டாள்' என்று ஔவையார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடியிருக்கிறார். மணமேடையில் நிற்கிற பிள்ளையை ஏதும் இல்லாதவன் என்று வாழ்த்தலாமா? பழைய சொல்தான் வேண்டும் என்றால் குறளில் இல்வாழ்வான் இருக்கிறது. கணவன் என்று எழுதினாலும் ஒரு குறையும் இல்லை.

சின்ன வீடு

சிறிய வீடு என்று எழுதுங்கள்.

மொத்தமாகத் தேடி மாற்றுவது

அறம், பொருள், இன்பம், வீடு என்பதில் வருகிற வீடு விடுதலை. கெடு கேடு ஆனதுபோல், சுடு சூடு ஆனதுபோல், விடு வீடு ஆனது. கணினியில் ஒரே தட்டில் வீட்டையெல்லாம் இல்லமாக்கி, வீடுபேறு 'இல்லம்பேறு' ஆன பக்கத்தை என் கண்ணால் பார்த்தேன்.

வீடு ஆளாக வரும் இடம்

'வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் கேட்கப்போவது பெரும்பாலும் மனைவியிடம். 'எங்கள் வீட்டுக்காரர்' என்று ஒரு பெண் சொன்னால் கணவராகவும் இருக்கலாம், வாடகை வாங்குகிறவராகவும் இருக்கலாம், முன்பின் படித்துத்தான் முடிவு செய்யவேண்டும். பெண் வீட்டார் என்பது ஒரு குடும்பம். கல்யாண வீடு என்பது நிகழ்ச்சி, மண்டபத்தில் நடந்தாலும் அது கல்யாண வீடுதான். துக்க வீட்டையும் அப்படியே விடுங்கள், 'துக்க இல்லம்' என்று யாரும் எந்த ஊரிலும் சொல்வதில்லை.

ஊர் கேட்காமல் திருத்துவது

கரிசல் பக்கத்துக் கதையில் 'சம்சாரி' வந்தால் குடும்பஸ்தன் என்று மாற்றிவிடாதீர்கள், அங்கே அது விவசாயி. 'ஆத்துக்காரர்' என்பதில் ஆறு எதுவும் ஓடவில்லை, அகத்துக்காரர் என்பதுதான் பேச்சில் அப்படி ஆனது. வளவு இன்னும் சிக்கல். செட்டிநாட்டில் அது வீட்டுக்குள்ளே முற்றத்தைச் சுற்றிய பகுதி, யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றி வேலி அடைத்த நிலம். எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு போன் செய்து கேட்டுவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள்.